பசிக்கு இல்லை, ஆசைக்கு!

ஒரு வீட்டில் வாரம் முழுக்க நடக்கிற சமையல் பெரும்பாலும் அடுத்தவர் நாக்குக்காக நடப்பதுதான். கணவருக்குச் சர்க்கரை, மாமியாருக்குக் காரம் ஆகாது, பையனுக்கு டப்பாவில் எலுமிச்சை சாதம் மட்டும்தான் இறங்கும். இத்தனையையும் அனுசரித்துக் குழம்பு வைக்கிறவருக்குத் தன் இஷ்டத்துக்கு அடுப்பு மூட்டக் கிடைக்கிற இடம் பலகாரம் ஒன்றுதான். அதை யாரும் கேட்பதில்லை. செய்யாவிட்டால் யாரும் பட்டினி கிடக்கப்போவதும் இல்லை. அதில் இருக்கிற சந்தோஷமே அதுதான்.

கும்பகோணத்தில் இருக்கும் என் அத்தை இந்தக் கட்சியின் தீவிரத் தொண்டர். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் உண்ட மயக்கத்தில் சாய்ந்த பிறகுதான் வாணலியை எடுப்பார்.

"இவ்வளவு சாப்பிட்டாச்சு, இனிமே யார் அத்தை பலகாரம் திங்கப் போறாங்க?"

"பசிக்குத்தான் சோறு இருக்கேடி. இது ஆசைக்கு!"

மழை பெய்தால் பஜ்ஜி. காரணமே இல்லாத நாளில் மைசூர்பாகு.

சொர்ரென்று பொங்கும் நெய்

மைசூர்பாகு, நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பாவின் கைவண்ணம் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கோவை ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸ் பிரபலமாக்கிய, வாயில் போட்டதும் கரைகிற 'மைசூர்பா' அதன் தங்கை. அத்தையின் பிரியமெல்லாம் அக்காவிடம்தான். கடித்தால் பொரபொரவென்று உதிர வேண்டும். விண்டு பார்த்தால் உள்ளே துளைத்துளையாகத் தெரிய வேண்டும்.

ஒரு கப் கடலைமாவு, இரண்டு கப் சர்க்கரை, இரண்டு கப் நெய். சாமான் இவ்வளவுதான், மற்றதெல்லாம் பதம். பாகை இரண்டு விரலுக்கு நடுவே தொட்டுப் பிரித்தால் ஒற்றைக் கம்பி அறுபடாமல் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் மாவைத் தூவிக் கட்டி தட்டாமல் கிளற வேண்டும். பக்கத்து அடுப்பில் நெய் காய்ந்துகொண்டே இருக்கும். அதைக் கரண்டி கரண்டியாக ஊற்ற, ஒவ்வொரு தடவையும் மாவு சொர்ரென்று பொங்கும். பாகில் மிச்சமிருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே ஓடுகிற வழிதான் அந்தத் துளைகள். ஆறிய நெய்யை ஊற்றினால் பொங்காது, துளையும் விழாது.

தட்டில் கொட்டிய பிறகு கரண்டியால் தட்டிச் சமன் செய்யக் கூடாது, துளைகள் அமுங்கிவிடும். அடுப்பை விட்டு இறங்கியும் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். ஓரம் சீக்கிரம் ஆறி மஞ்சளாக நின்றுவிட, நடுவில் சூடு தங்கி மாவு சிவந்துவிடும். ஒரே துண்டில் இந்த இரண்டு நிறமும் தெரிந்தால் அத்தை முகத்தில் ஒரு பெருமிதம் வரும். சூடு இருக்கும்போதே வில்லை போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் கத்தி பட்டதும் தூளாகிவிடும்.

எண்ணெய் குடிக்காத பஜ்ஜி

வாழைக்காய் பஜ்ஜிக்கு மூன்று பங்கு கடலைமாவு, மொறுமொறுப்புக்கு ஒரு பங்கு அரிசிமாவு, மிளகாய்த்தூள், பெருங்காயம், ஒரே ஒரு சிட்டிகை ஆப்பசோடா. சோடா கூடினால் எண்ணெய் குடிக்கும். ஒரு சொட்டு மாவு விட்டதும் உடனே மேலே வந்தால் எண்ணெய் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். வேகும்போது மாவிலிருந்து வெளியேறும் ஆவி எண்ணெயை அண்ட விடாது. எடுத்து ஆறத் தொடங்கும்போதுதான் மேலே ஒட்டிய எண்ணெய் உள்ளே இழுபடும். அதனால்தான் அத்தை பஜ்ஜியை எடுத்ததும் தட்டில் குவிக்காமல் கண்தட்டிலேயே வடியவிடுவார்.

கணக்கு என்ன சொல்கிறது?

மைசூர்பாகுக்குப் போட்ட இரண்டு கப் சர்க்கரை என்பது சுமார் 400 கிராம். 25 வில்லை போட்டால் ஒன்றுக்கு 16 கிராம். நாளொன்றுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவர் சேர்க்கைச் சர்க்கரையை 50 கிராமுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல். ஆக, இரண்டாவது வில்லையிலேயே நல்ல பிள்ளைக்கான எல்லையைத் தாண்டிவிடுவோம்.

கொஞ்சமாகச் செய்யலாமே என்றால், பாகு அதற்கு இடம் கொடுப்பதில்லை. அளவு குறையக் குறையக் கண்மூடித் திறப்பதற்குள் பதம் தப்பிவிடும். தைரியமாகச் செய்யத் தட்டு நிறையும் அளவு வேண்டும். தட்டு நிறைந்தால் மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு அது அதிகம். வாசற்படி தாண்டித்தான் ஆக வேண்டும். மாடி வீடு, எதிர் வீடு, இஸ்திரி வண்டிக்காரர் என்று அன்று மாலையே டப்பாக்கள் கிளம்பிவிடும். தனியாக உட்கார்ந்து தின்ன முடியாதபடி பலகாரத்தின் அளவே அதற்கு ஒரு கட்டுப்பாடு.

கட்டுப்பாடு ஒரு வாரம்தான் தாங்கும். வாங்கிய டப்பாவை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் கிடையாதே! போன சர்க்கரை ரவா லட்டாக, அதிரசமாகத் திரும்பி வரும். அத்தையின் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு இதுவரை நேரானதே இல்லை. அதை நேராக்கும் உத்தேசமும் அவருக்கு இல்லை.