பச்சைக் குழந்தையின் கழுத்தில் கட்டியா?

பிறந்து மூன்று வாரம்கூட ஆகாத குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும்போது கழுத்தில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டால் எந்தத் தாய்க்குத்தான் பகீரென்று இருக்காது?

என் அக்கா பெண்ணின் குழந்தைக்கு வலது பக்கம் புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தது. தலை வலது தோள் பக்கம் சாய்ந்து, முகவாய் இடது பக்கம் திரும்பியே கிடக்கும். "உரம் விழுந்திருக்குடி, புடவையிலே போட்டு நாலு உருட்டு உருட்டினா சரியாயிடும்" என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. நல்ல மனசுதான். ஆனால் தலை நிற்காத பச்சைக் கழுத்தாயிற்றே! நேரே குழந்தை டாக்டரிடம் போனோம்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்புக்கு இறங்கும் தசையில்தான் தடிப்பு என்று தெரிந்தது. ஊசி, வலி எதுவும் இல்லாத ஸ்கேன். இது புற்று அல்ல, ஒட்டுவாரொட்டியும் அல்ல. கர்ப்பத்தில் இடநெருக்கடி, கஷ்டமான பிரசவம் இவற்றால் வருகிறது என்கிறார்கள். தலைக்குப் பதில் கால் பக்கம் இறங்கியிருந்த குழந்தைகளிடம் அதிகம். இவளும் அப்படித்தான். பிறந்ததும் தெரியாது, 2, 3 வாரத்தில் தலைகாட்டி, கொஞ்ச நாள் பெருத்து, பிறகு சில மாதங்களில் பெரும்பாலும் தானே கரைந்துவிடும். இத்துடன் இடுப்பு மூட்டும் சில குழந்தைகளுக்குச் சரியாக இராதாம். டாக்டரம்மா அதையும் பார்த்தார்.

தானே கரையும் என்று சும்மா இருக்கலாமா? கூடாது. தசை சுருங்கினால் தலை சாய்ந்தே நின்று, முகமும் மண்டையும் ஒரு பக்கம் சப்பையாகிவிடும். பிசியோதெரபிஸ்ட் காட்டிக் கொடுத்தபடி, துணி மாற்றும்போதெல்லாம் கழுத்தை மெதுவாக எதிர்ப்பக்கம் சாய்த்து, முகத்தை வலது பக்கம் திருப்பினாள் அக்கா பெண். குழந்தை திமிறினால் விட்டுவிடுவாள். கிலுகிலுப்பை ஆட்டுவது, கூப்பிடுவது எல்லாம் வலது பக்கமிருந்துதான். விழித்திருக்கும்போது பக்கத்திலிருந்து குப்புறப் போடுவாள், தூங்குவது மல்லாந்துதான். ஆறாம் மாதம் கட்டி தட்டுப்படவில்லை. பயிற்சியை மட்டும் டாக்டர் சொல்லும்வரை விடவில்லை. ஒரு வயதுக்கு மேலும் சாய்வு நீங்காத சிலருக்கே ஆபரேஷன் தேவைப்படும்.

உருவுவது, உரம் எடுப்பது, பற்றுப் போடுவது எதுவும் வேண்டாம். கழுத்துக் கட்டி எல்லாமே இந்த ரகமும் அல்ல; நீர்ப்பை மாதிரி மெத்தென்று இருப்பதும், நடுக்கழுத்தில் வருவதும் வேறு. எதுவானாலும் டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கட்டி சிவந்து சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, மளமளவென்று வளர்ந்தாலோ, குழந்தை பால் குடிக்கவோ மூச்சு விடவோ திணறினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.