மதிப்பெண் அட்டையும் ஒரு கணக்குப் புத்தகமே

மூணாறுப் பகுதித் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவர், மகளின் மேற்படிப்புக்கெனத் தொடர் வைப்புக் கணக்குத் தொடங்க எங்கள் கிளைக்கு வந்திருந்தார். கையில் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் அட்டை. “கணக்குல சி கிரேடு. பத்தாவது பாஸாகிடுவாதானே சார்?” என்று கேட்டார்.

கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் கிரேடு முறை 2005ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. 90 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்றால் ஏ பிளஸ். 80 முதல் ஏ. 70 முதல் பி பிளஸ். இவ்வாறே பத்துப் பத்தாக இறங்கி, 30 விழுக்காட்டில் அமையும் டி பிளஸ் மேற்படிப்புக்குரிய குறைந்தபட்சத் தகுதியாகும். 80 பெற்றவரும் 89 பெற்றவரும் ஒரே கிரேடு. 79 பெற்றவரோ ஒரு மதிப்பெண்ணால் அடுத்த படியில் நிற்பார்.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். கணிதத்தின் 100 மதிப்பெண்களில் எழுத்துத் தேர்வுக்கு 80, தொடர் மதிப்பீட்டுக்கு 20. தொடர் மதிப்பீட்டில் முழு மதிப்பெண் பெற்றவருக்கு, எழுத்துத் தேர்வில் 10 பெற்றாலே முன்பு போதுமானதாக இருந்தது. இப்போது எழுத்துத் தேர்வில் மட்டும் 30 விழுக்காடு, அதாவது 80க்கு 24, பெறுதல் வேண்டும் என்னும் விதி படிப்படியாக வருகிறது. எட்டாம் வகுப்புக்கு 2024-25, ஒன்பதாம் வகுப்புக்கு 2025-26, பத்தாம் வகுப்புக்கு 2026-27 என அரசு கால வரிசை வகுத்துள்ளது.

எனவே வகுப்பாசிரியரிடம் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணைத் தனியே கேட்டு வருமாறு அந்தத் தந்தையிடம் கூறினேன். மறுவாரம் வந்தார். தொடர் மதிப்பீடு 19, எழுத்துத் தேர்வு 22. கூட்டினால் 41; கிரேடு சி. ஆனால், புதிய விதிப்படி இரண்டு மதிப்பெண் குறைவு.

கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பகுதிப் பெற்றோர் பலர் பொள்ளாச்சி உறவினரின் பிள்ளைகளோடு ஒப்பிடுவதுண்டு. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்கு ஐந்து பாடங்கள், 500 மதிப்பெண்கள், தேர்ச்சிக்கு 35. அளவுகோல் வேறானதால் அவ்வொப்பீடு பொருந்தாது. சென்ற பருவத்தில் தம் பிள்ளை அதே பாடத்தில் பெற்றதோடு ஒப்பிடுவதே பயன் தரும்.

கணக்குப் புத்தகத்தில் இறுதி இருப்பை மட்டும் பார்த்தால் வரவு வந்த வழி தெரியாது. மதிப்பெண் அட்டையும் அவ்வாறே. அந்தத் தந்தை அன்றே வைப்புக் கணக்கைத் தொடங்கினார்; மகளைப் பள்ளியின் மாலை நேரக் கணித வகுப்பிலும் சேர்த்துவிட்டதாகக் கூறிச் சென்றார்.