சூட்கேஸும் தோடும்

எங்கள் மாணவர் நால்வர் கைத்தொலைபேசியில் ஒரு பாட்டு வீடியோ எடுத்தார்கள். வாத்தியம் றபான் மட்டுமே. பொருள் 1990 அக்டோபர் 30: யாழ் நகர முஸ்லிம்களுக்குப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்து வெளியேற்றிய நாள். பிள்ளைகளோ புத்தளத்தில் பிறந்தவர்கள்.

சோனகத் தெருவில் ஒரு வீட்டுச் சுவரில் போட்டுக் காட்டினோம். இளசுகள் கைதட்டின. எழுபது தாண்டிய ஓர் உம்மா மட்டும் கேட்டார்:

"சூட்கேஸ் எங்கால வந்தது, மௌலவி? காதுத் தோட்டையும் கழற்றி வாங்கிட்டுத்தானே விட்டவங்க? அழவும் நேரமில்ல. பிள்ளைகளத் தேடுறதா, சாமான் கட்டுறதா எண்டு நிண்டம்."

அன்று எனக்குப் பத்து வயது. எனக்கும் தெரிந்த சங்கதிதான். படத்துக்கு எடுப்பாயிருக்கும் என்று சூட்கேஸுக்குச் சம்மதித்தவனும் நானே. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

அழைப்பில் வந்திருந்த தமிழ்க் கடைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எங்கட அம்மா படலையில நிண்டு அழுதவ. பாட்டில அயலாரே இல்லையே, ஐயா."

சூட்கேஸ் காட்சியை அடுத்த நாளே நீக்கி, வெறுங்காதைக் காட்டினார்கள். அயலாருக்கு ஒரு கண்ணி எழுதியும் ஆயிற்று. ஒரு மாணவனின் வாப்பா அதற்கு இன்னும் இணங்கவில்லை. இன்ஷா அல்லாஹ், வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன்.