திருச்சி – துபாய் டிக்கெட் விலையை யார் முடிவு செய்கிறார்கள்?

புதுக்கோட்டை சாலையில் செம்பட்டைக் கடக்கும் எவர் கண்ணுக்கும் திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் தப்பாது. ரூ.1,100 கோடிக்கு மேல் செலவழித்துக் கட்டிய கட்டிடம். ஸ்ரீரங்கம் கோபுரத்தின் வண்ணங்களை உள்ளும் வெளியும் வாரி இறைத்திருக்கிறார்கள். நெரிசல் நேரத்தில் 3,500 பேரையும், ஆண்டுக்கு 44 லட்சம் பேரையும் கையாளும் வசதி இருக்கிறது. 2024 ஜனவரி 2-ல் பிரதமர் திறந்துவைத்தார். ஜூன் 11 முதல் பயணிகள் வந்துபோகிறார்கள். ஆனால், திறந்த ஆண்டில் வந்துபோனவர்களின் எண்ணிக்கை அந்தக் கொள்ளளவில் பாதியைக்கூடத் தொடவில்லை.

பயணம் செய்ய ஆள் இல்லையா? தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வளைகுடா நாட்டிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ ஓர் உறவினர் இல்லாத தெருவைக் கண்டுபிடிப்பது கடினம். திருச்சியில் ஏறி இறங்குபவர்களில் பெரும்பகுதியினர் வெளிநாடு சென்றுவருபவர்கள்தான். இந்தியாவில் இப்படிப்பட்ட விமான நிலையங்கள் மிகக் குறைவு. அப்படியிருந்தும், திருச்சி டிக்கெட்டின் விலையைப் பார்த்துவிட்டு, இரவு பஸ் பிடித்துச் சென்னைக்கோ கொச்சிக்கோ போய் அங்கிருந்து துபாய்க்கு விமானம் ஏறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பண்டிகை நேரம், எரிபொருள் விலை, விமான நிறுவனங்களின் பேராசை என்று இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் பல. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூல காரணம் டெல்லியில், நாடுகளுக்கு இடையே கையெழுத்தாகும் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில், ஊர்ப் பெயர்கள் அச்சிடப்பட்ட ஒரு பட்டியலில் இருக்கிறது.

ஊர்ப் பட்டியலின் பலம்

ஒரு நாட்டின் விமானம் இன்னொரு நாட்டில் தன் விருப்பத்துக்கு வந்து இறங்கிவிட முடியாது. 1944-ல் சிகாகோவில் உருவான உடன்படிக்கைப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வான்வெளி மீது முழு உரிமை உண்டு. அனுமதி இல்லாமல் அட்டவணைப்படியான சேவை எதையும் நடத்த இயலாது. எனவே நாடுகள் இரண்டிரண்டாக உட்கார்ந்து பேசி, விமான சேவை ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. வாரத்துக்கு எத்தனை இருக்கைகள், உங்கள் நிறுவனங்கள் எங்கள் நாட்டில் எந்தெந்த ஊர்களில் இறங்கலாம் என்ற இரண்டு விஷயங்கள்தான் அதில் முக்கியம். ‘பாயின்ட் ஆஃப் கால்’ என்று விமானத் துறையினர் சொல்வது இந்தப் பட்டியலில் உள்ள ஊர்களைத்தான். பட்டியலில் பெயர் இல்லாத ஊரில் ஓடுபாதை எவ்வளவு நன்றாக இருந்தாலும், முனையம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளிநாட்டு நிறுவனத்தின் விமானம் வராது.

இந்தப் பட்டியலால் திருச்சிக்கு ஒரு பெரிய நன்மையும் கிடைத்திருக்கிறது. 2003-ல், வாஜ்பாய் பிரதமராக இருந்தபோது, ஆசியான் நாடுகளின் விமான நிறுவனங்கள் இந்தியாவின் 18 சுற்றுலா நகரங்களுக்கு இருக்கை எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லாமல் வந்துபோகலாம் என்று இந்தியா அறிவித்தது. கயா, வாரணாசி, கொச்சி, கோவா என்று நீண்ட அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பிடித்த ஊர் திருச்சி. மதுரை அதில் இல்லை. அன்று அந்த அறிவிப்பைப் பெரிதாக யாரும் பேசவில்லை. ஆனால் 2008 டிசம்பரில் மலேசியாவின் ஏர் ஏசியா இந்தியாவுக்குச் சேவை தொடங்க முடிவெடுத்தபோது, முதலில் வந்து இறங்கிய ஊர் சென்னையும் அல்ல, மும்பையும் அல்ல, திருச்சி. பின்னால் சிங்கப்பூரின் டைகர் வந்தது. அது இன்று ஸ்கூட் என்ற பெயரில் பறக்கிறது. மலேசியாவின் மலிண்டோ வந்தது. அதன் இன்றைய பெயர் பாத்திக் ஏர். 2023 நவம்பரில் வியட்நாமின் வியட்ஜெட் ஹோ சி மின் நகரத்திலிருந்து வந்தது. ஒரே பாதையில் மூன்று நான்கு நிறுவனங்கள் மோதும்போது விலை தானாக இறங்கும். திருச்சி – கோலாலம்பூர், திருச்சி – சிங்கப்பூர் பாதைகளில் சாதாரணக் குடும்பங்கள் தாத்தா பாட்டியோடு போய்வர முடிவது இந்தப் போட்டியால்தான்.

வளைகுடாவுக்கு வந்தால் கதை தலைகீழ். ஐக்கிய அரபு அமீரகத்தோடு இந்தியா போட்டிருக்கும் ஒப்பந்தங்கள் துபாய்க்குத் தனி, அபுதாபிக்குத் தனி, ஷார்ஜாவுக்குத் தனி. துபாய்க்கான ஒப்பந்தம் ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்குச் சுமார் 65,000 இருக்கைகள் என்று 2014-ல் உயர்த்தப்பட்டது. துபாய் நிறுவனங்கள் தங்கள் பங்கை எப்போதோ நிரப்பிவிட்டன. இன்னும் 50,000 இருக்கைகள் வேண்டும் என்று 2022-ல் அமீரகம் கேட்டது. இப்போதைக்கு இல்லை என்று அடுத்த ஆண்டே இந்திய அரசு சொல்லிவிட்டது. இந்த இருக்கைச் சண்டையில் திருச்சி எங்குமே இல்லை, ஏனென்றால் துபாய் நிறுவனங்கள் இறங்கக்கூடிய ஊர்களில் அது சேர்க்கப்படவில்லை. எமிரேட்ஸும் ஃப்ளைதுபாயும் திருச்சிக்கு வராததன் காரணம் இதுதான். பக்கத்துக் கோயம்புத்தூருக்கு ஷார்ஜாவின் ஏர் அரேபியா வருகிறது, திருச்சிக்கு இல்லை.

இந்திய நிறுவனங்களுக்கு இந்த ஊர்த் தடை கிடையாது. அவை இந்தியாவின் எந்தச் சர்வதேச விமான நிலையத்திலிருந்தும் துபாய்க்குப் பறக்கலாம். ஆனால் கையில் இருக்கும் விமானங்களை எங்கே ஓட்டினால் லாபம் என்றுதான் அவை பார்க்கும். பெரும்பாலும் டெல்லியும் மும்பையும்தான் முதலில் வரும். திருச்சியிலிருந்து வளைகுடாவுக்கு நெடுங்காலம் ஏறக்குறைய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஒன்றுதான் கதி என்றிருந்தது. 2024 ஆகஸ்டில் இண்டிகோ அபுதாபிக்குச் சேவை தொடங்கியபோது இந்தப் பகுதி மக்கள் அதைக் கொண்டாடியதில் வியப்பில்லை.

அரசின் வாதத்தையும் சொல்ல வேண்டும். துபாய் நிறுவனங்கள் இங்கிருந்து ஏற்றிச்செல்லும் பயணிகளில் கணிசமானோர் துபாயில் தங்குவதில்லை. அங்கே விமானம் மாறி லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போய்விடுகிறார்கள். அந்த நீண்ட தூர வருமானம் இந்திய நிறுவனங்களுக்கு வரவேண்டும், இந்திய விமான நிலையங்கள் பெரிய சந்திப்பு மையங்களாக வளரவேண்டும் என்பது டெல்லியின் கணக்கு. டெல்லியையும் மும்பையையும் மனதில் வைத்தால் இது நியாயமான கணக்கு. ஆனால் திருச்சியில் ஏறுகிற கொத்தனாரும் டிரைவரும் சமையல்காரரும் துபாயில் விமானம் மாறி நியூயார்க் போகிறவர்கள் அல்லர். அவர்களுக்குத் துபாய்தான் கடைசி நிறுத்தம். பெருநகரங்களைக் காக்கப் போட்ட பூட்டு, அந்தப் பிரச்சினையோடு சம்பந்தமே இல்லாத ஊரின் கதவையும் சேர்த்துப் பூட்டியிருக்கிறது.

டிக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது?

டிக்கெட்டில் அச்சாகும் மொத்தத் தொகையில் அடிப்படைக் கட்டணம் ஒரு பகுதி. அதற்கு மேல் விமானப் பாதுகாப்புக் கட்டணம். வெளிநாடு செல்லும் பயணிக்கு 12 டாலர், உள்நாட்டுக்குள் செல்லும் பயணிக்கு 200 ரூபாய். பிறகு பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம். புதிய முனையம் கட்டிய செலவை விமான நிலையம் திரும்ப எடுக்கும் வழிகளில் இது முக்கியமானது; பளபளக்கும் தரைக்கும் சேர்த்துத்தான் பயணி பணம் கட்டுகிறார். எகானமி வகுப்புக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. உள்நாட்டுச் சேவைகளில் இன்னொரு சுமையும் மறைந்திருக்கிறது: விமான எரிபொருள் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை, தமிழ்நாடு அதற்கு விதித்துவந்திருக்கும் வாட் 29 சதவீதம். நாட்டிலேயே அதிகமான விகிதங்களில் ஒன்று இது. திருச்சி – சென்னை போன்ற குறுகிய பாதை ஏன் மலிவாவதில்லை என்று கேட்பவர்கள், ஒன்றிய அரசைப் போலவே மாநில அரசையும் இதற்குக் கேள்வி கேட்க வேண்டும்.

அடிப்படைக் கட்டணம் எப்படித் தீர்மானமாகிறது என்பதுதான் பலருக்கும் புரியாத இடம். ஏறக்குறைய 180 இருக்கைகள் கொண்ட விமானத்தில் எல்லா இருக்கைக்கும் ஒரே விலை கிடையாது. நிறுவனம் இருக்கைகளைப் பல விலை அடுக்குகளாகப் பிரித்து வைக்கிறது. கீழ் அடுக்கில் சில இருக்கைகள். அவை விற்றதும் கணினி அடுத்த அடுக்கைத் திறக்கும். நாள் நெருங்க நெருங்க மேல் அடுக்குகள் மட்டுமே மிஞ்சும். காலையில் பார்த்த விலை மாலையில் இல்லை என்பதற்கு இதுவே காரணம். உள்நாட்டுக் கட்டணங்களுக்குக் கொரோனா காலத்தில், 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை அரசு உச்சவரம்பும் கீழ்வரம்பும் வைத்திருந்தது. ஆனால் வெளிநாட்டுப் பாதைகளில் விலையை அடக்கி வைக்கப் போட்டியைவிட நல்ல கருவி இல்லை.

முன்கூட்டியே புக் செய்யுங்கள் என்ற அறிவுரை எல்லாருக்கும் பொருந்துவதில்லை. வேலைக்குப் போகிறவர் விசா கைக்கு வந்த பிறகுதான் டிக்கெட் எடுக்க முடியும். வந்துவிட்டால் குறிப்பிட்ட நாட்களுக்குள் போய்ச் சேர வேண்டும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தால் அன்றிரவே கிளம்ப வேண்டும். ஆக, கடைசி நேரத்தில் மேல் அடுக்கு விலையைக் கொடுப்பவர்களில் பலர், அதைக் கொடுக்கக் கடன் வாங்கவேண்டிய நிலையில் இருப்பவர்கள். திருச்சி டிக்கெட் விலையைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டியிருப்பது இதனால்தான்.

பருவமும் சேர்ந்துகொள்கிறது. ஜூன் கடைசியில் வளைகுடாப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை தொடங்கும். ஊருக்கு வரும் விமானங்கள் நிரம்பி வழியும், எதிர்த்திசையில் பாதி காலியாகப் போகும். ஆகஸ்ட் கடைசியில் அப்படியே திரும்பும். ஒரு பக்கம் காலியாகப் பறந்த செலவையும் மறுபக்கப் பயணியிடமே நிறுவனம் எடுத்துவிடும். பொங்கல், ரம்ஜான், தீபாவளிக்கும் இதே கதைதான்.

டிக்கெட் விலையோடு செலவு முடிவதில்லை. செக்-இன் வரிசையில் சற்று நின்று பார்த்தால் தெரியும். நைலான் கயிறு சுற்றிக் கட்டிய அட்டைப்பெட்டி. அதன் மேல் மார்க்கரில் பெரிதாகப் பெயரும் அங்கத்திய செல்போன் எண்ணும். தராசில் ஏற்றியதும் அனுமதித்ததைவிட மூன்று கிலோ கூடுதல். கயிற்றை அவிழ்த்து, ஊறுகாய் பாட்டிலையும் முறுக்குப் பொட்டலத்தையும் எடுத்து, வாசலில் நிற்கும் தம்பியைப் போனில் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தனுப்புவார்கள். கவுண்டரில் கட்டும் கூடுதல் லக்கேஜ் கட்டணம், இணையத்தில் முன்பே வாங்கினால் ஆவதைவிட அதிகம். டிக்கெட் எடுக்கும்போதே ஏஜென்டிடம் இதைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. டிராவல்ஸ்காரர்கள் மொத்தமாக வாங்கி வைத்து விற்கும் குரூப் டிக்கெட் மலிவாகக் கிடைக்கும். ஆனால் தேதி மாற்றவோ பணத்தைத் திரும்பப் பெறவோ பெரும்பாலும் முடியாது. விசா இன்னும் கைக்கு வராதவர்கள் அதை வாங்கவே கூடாது. நேரடி விமானம் விலை ஏறியிருக்கும் நாட்களில் கொழும்பு வழியாகப் போகும் ஸ்ரீலங்கன் டிக்கெட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நேரம் கூடும், சில சமயம் பணம் மிஞ்சும்.

புதிய பாதை எப்படி வருகிறது?

2025 மார்ச் 30-ல் இண்டிகோ திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏடிஆர் விமானத்தை விட்டது. வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே கொஞ்சம் நிலமும் பாக் நீரிணையும்தான். ஆனால் அதுவரை விமானத்தில் என்றால் சென்னைக்கோ கொழும்புக்கோ போய்ச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சாலை வழி மட்டுமே சுமார் 400 கிலோமீட்டர். உறவும் கோயிலும் மருத்துவமும் கல்வியும் இரு பக்கத்தையும் இணைக்கின்றன. பயணிகள் கணக்கை மட்டும் பார்த்தால் சிறிய பாதை. அதன் மதிப்பு அதைவிடப் பெரிது.

எந்தப் பாதையும் நிலைக்க வேண்டுமானால் விமானத்தின் வயிற்றிலும் சரக்கு இருக்க வேண்டும். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் காய்கறியும் பூவும் பயணிகள் விமானத்திலேயே போகின்றன. இருக்கை சில காலியாக இருந்தாலும் அந்தச் சரக்கு வருமானம் பாதையைத் தாங்கிப் பிடிக்கும். இன்னொரு பக்கம், 2,480 மீட்டர் ஓடுபாதை நீட்டப்பட வேண்டும் என்ற கோரிக்கை பழையது. பெரிய விமானங்கள் முழுச் சுமையோடு கிளம்பிப் போக அது தேவை. ஆனால் துபாய் பாதைக்கு இன்றைய ஓடுபாதையே போதும், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் அதில்தான் இத்தனை ஆண்டுகளாகப் பறக்கிறது. எனவே ஓடுபாதையைக் காரணம் காட்டி இந்தப் பேச்சைத் தள்ளிப்போட முடியாது.

துபாயோடான ஒப்பந்தத்தில் மொத்த இருக்கைகளை உயர்த்தத் தயக்கம் இருந்தால், உயர்த்த வேண்டாம். திருச்சி போன்ற ஊர்களுக்கு மட்டும், அந்தக் கணக்குக்கு வெளியே, வாரத்துக்குச் சில விமானங்களை அனுமதிக்கலாம். 2003-ல் ஆசியானுக்குச் செய்தது இதே ஏற்பாடுதான். அதன் பலன் திருச்சி ஓடுபாதையில் தினமும் தெரிகிறது. திருச்சி, தஞ்சாவூர், பெரம்பலூர், நாகப்பட்டினம், சிவகங்கை தொகுதிகளின் மக்களவை உறுப்பினர்கள் கட்சி பேதம் பார்க்காமல் ஒன்றாகப் போய், ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சரிடம் இந்த ஒரு கோரிக்கையை மட்டும் வைக்க வேண்டும்: அமீரகத்தோடு அடுத்த முறை பேச உட்காரும்போது, பட்டியலில் திருச்சியின் பெயரைச் சேருங்கள்.