இரண்டு ஹெட்போன்களும் ஒரு காதும்

மாணவ நண்பர்களே, கடையிலோ நண்பர் வீட்டிலோ இரண்டு ஹெட்போன்களை மாற்றி மாற்றிக் காதில் வைத்துக் கேட்டிருக்கிறீர்களா? அரை நிமிடம் கேட்டதும், "இதுதான் நன்றாயிருக்கிறது" என்று சொல்லிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் சரியானது? கல்லூரியில் பல ஆண்டுகளாக ஒலியியல் பாடம் நடத்தும் நானே இதில் ஏமாந்து போனேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் அமைதியாக உட்கார்ந்து பாட்டுக் கேட்பதற்கென்று நெடுநாள் பணம் சேர்த்து ஓர் உயர்தர ஹெட்போன் வாங்கினேன். என்னிடம் ஏற்கெனவே ஒரு சாதாரண ஹெட்போன் இருந்தது. புதியதன் விலை பழையதைப் போலப் பத்து மடங்கு. வாங்கிய அன்று மாலையே இரண்டையும் என் பழைய செல்பேசியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செருகி, ஒரே வீணைக் கச்சேரியைக் கேட்டேன். பழையது கணீரென்று ஒலித்தது. புதியதோ சன்னமாக, உயிரில்லாமல் ஒலித்தது. மிருதங்கத்தின் தொப்பி ஓசை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. "பணம் போயிற்று" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.

பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் இரண்டையும் வாங்கிக் கேட்டாள். பிறகு, "அப்பா, இரண்டும் ஒரே சத்தத்தில் ஒலிக்கவில்லையே. அப்புறம் எப்படி ஒப்பிடுவது?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சோதனையில் ஒன்றை மாற்றும்போது மற்றவற்றை மாறாமல் வைக்க வேண்டும் என்பது நான் வகுப்பில் முதல் நாளே சொல்லும் பாடம் அல்லவா!

உள்ளே என்ன இருக்கிறது?

ஹெட்போன் என்பது ஒரு சிறிய ஒலிபெருக்கிதான். நிலைகாந்தம் ஒன்று, அதன் இடைவெளியில் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று, சுருளோடு ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று. பாட்டின் மின்னலைகள் சுருளில் பாயும்போது, காந்தப் புலத்தில் உள்ள கம்பியின்மீது விசை செயற்படுகிறது. பிளெமிங்கின் இடக்கை விதியைப் படித்திருக்கிறீர்கள் அல்லவா? அதேதான். சுருள் முன்னும் பின்னும் அசைய, படலம் காற்றைத் தள்ளி இழுத்து ஒலியை உண்டாக்குகிறது.

ஹெட்போனின் வரலாறு இதற்கும் முந்தையது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின் 1910-இல் தம் வீட்டுச் சமையலறையிலேயே ஹெட்போன்களைச் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். சுருள் அசையும் வகை ஹெட்போனை 1937-இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனம் செய்தது. அதுவரை தந்தி, வானொலி ஊழியர்களின் கருவியாயிருந்த ஹெட்போனை, வீட்டில் ஸ்டீரியோ இசை கேட்பதற்குரியதாக ஆக்கியவர் அமெரிக்கரான ஜான் காஸ்; ஆண்டு 1958. பின்பக்கம் திறந்த முதல் ஹெட்போனை 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் வெளியிட்டது. 1979-இல் ஜப்பானின் சோனி நிறுவனம் வாக்மனை விற்கத் தொடங்கியதும் ஹெட்போன் தெருவுக்கு வந்துவிட்டது.

மூடிய வகையில் படலத்தின் பின்புறம் கிண்ணம்போல் அடைபட்டிருக்கும். வெளியோசை குறைவாக நுழையும். தாழ்ந்த சுருதிகள் அழுத்தமாகக் கேட்கும். திறந்த வகையில் பின்புறம் வலைதான். கிண்ணத்துக்குள் ஒலி எதிரொலித்துக் குழம்புவதில்லை. இசை தலைக்குள் அடைபடாமல் சற்று வெளியே விரிந்து கேட்பதுபோல் இருக்கும். ஆனால் தெரு இரைச்சலும் தாராளமாக உள்ளே வரும். ஆகவே இது அமைதியான வீட்டுக்கு ஏற்றது. என் பழையது மூடிய வகை. புதியது திறந்த வகை.

ஒரு சிறு கணக்கு

இனி நான் ஏமாந்த இடத்துக்கு வருவோம். பழைய ஹெட்போனின் மின்தடை 32 ஓம். புதியது 300 ஓம். மிக மெல்லிய கம்பியைப் பல சுற்றுகள் சுற்றியதால் வந்த தடை. (மாறுதிசை மின்னோட்டத்துக்கு இதை மின் எதிர்ப்பு என்று சொல்ல வேண்டும். நம் கணக்குக்குத் தடை என்றே கொள்வோம்.) செல்பேசி இரண்டுக்கும் ஒரே மின்னழுத்தத்தைத்தான் தருகிறது. அது 1 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம்.

திறன் என்பது மின்னழுத்தத்தின் இருமடியைத் தடையால் வகுத்தால் வருவது. 32 ஓம் ஹெட்போனுக்கு 1/32 வாட், அதாவது சுமார் 31 மில்லிவாட். 300 ஓம் ஹெட்போனுக்கு 1/300 வாட், அதாவது 3.3 மில்லிவாட். முன்னதுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 9.4 மடங்கு! 9.4-இன் மடக்கையைப் பத்தால் பெருக்கினால் 9.7 டெசிபல். ஒரு மில்லிவாட்டுக்கு இரண்டும் ஒரே அளவு ஒலி தருவன என்று கொண்டால், என் புதிய ஹெட்போன் பழையதைவிடச் சுமார் 10 டெசிபல் தாழ்வாக ஒலித்திருக்கிறது. 10 டெசிபல் குறைந்தால் நம் காதுக்கு உரப்பு பாதியாகிவிட்டதுபோல் தோன்றும்.

உரப்பு மட்டும் குறைந்தால் போகட்டும். தொப்பி ஓசை ஏன் காணாமற்போயிற்று? இதற்கு விடை 1933-இல் கிடைத்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிளெட்சர், மன்சன் என்ற இருவர், நம் காது எல்லா அதிர்வெண்களையும் சமமாகக் கேட்பதில்லை என்பதை அளந்து காட்டினார்கள். ஒலியின் அளவைக் குறைக்கக் குறைக்க, நடுத்தர சுருதிகளைவிடத் தாழ்ந்த சுருதிகள் வேகமாகக் காதைவிட்டு மறைகின்றன. ஆகையால் ஒரே பாட்டைத் தாழ்வாக வைத்தால் சப்பென்றும், உரக்க வைத்தால் நிறைவாகவும் கேட்கும். உரக்க ஒலிப்பதை உயர்ந்தது என்று நாம் நினைத்துவிடுவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு சிறு பெருக்கியை இணைத்து, புதிய ஹெட்போனைப் பழையதன் அளவுக்கு உயர்த்தினேன். தொப்பி திரும்பி வந்தது. வீணைத் தந்தியில் விரல் உரசும் மெல்லிய ஓசைகூடக் கேட்டது. "ஆகா, பத்து மடங்கு விலை வீண்போகவில்லை!" என்றேன். மகள் மறுபடியும் சிரித்தாள். "விலை தெரிந்ததால் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ?" என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்பது

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. விலையும் பெயரும் தெரிந்தபின் மனம் காதுக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறது. அதனால்தான் ஒலியியல் அறிஞர்கள் எது எது என்று சொல்லாமல் கேட்கவைத்துச் சோதிக்கிறார்கள். ஹெட்போனில் இதற்கு ஒரு தொல்லை உண்டு. கண்ணை மூடினாலும் எடையும் மெத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்காவில் ஹார்மன் நிறுவனத்தில் பணியாற்றிய ஷான் ஆலிவும் டாட் வெல்ட்டியும் 2013-இல் ஒரு தந்திரம் செய்தார்கள். பல ஹெட்போன்களின் ஒலிப்பண்பை அளந்து, அவை அத்தனையையும் ஒரே ஹெட்போனின் வழியே போலியாக ஒலிக்கச் செய்தார்கள். காதில் இருப்பது மாறவில்லை. ஒலி மட்டும் மாறியது.

2017-இல் யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டார். எந்த அதிர்வெண்ணை எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பு எதையும் அவர் காணவில்லை. விலையில் மெத்தை, உழைப்பு, நீடித்த ஆயுள், பெயர் எல்லாம் அடக்கம். ஒலியின் சமநிலைக்கு விலை அளவுகோலாகாது.

எங்கள் வீட்டிலும் ஒரு சிறு சோதனை நடந்தது. மகளின் தோழியர் நால்வர் வந்தார்கள். உரப்பைச் சமப்படுத்தி, விலையைச் சொல்லாமல், இரண்டையும் கொடுத்தோம். பாடும் குரலுக்கு மூவர் புதியதைத் தேர்ந்தார்கள்; மிருதங்கத்துக்கு மூவர் பழையதைத் தேர்ந்தார்கள்! நால்வர் கருத்தை வைத்துப் பொதுவிதி எழுத முடியாது. என் கர்வம் அடங்குவதற்கு அது போதும்.

காதுக்குள் ஓர் ஒத்ததிர்வுக் குழாய்

ஒப்பிடும்போது நாம் மறந்துவிடும் கருவி ஒன்று உண்டு. அது காது. காதுத் துளையின் நீளம் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர். ஒரு முனை திறந்தது. மறுமுனையைச் செவிப்பறை மூடியிருக்கிறது. ஒருமுனை மூடிய காற்றுத் தம்பம் எந்த அதிர்வெண்ணில் ஒத்ததிரும்? ஒலியின் திசைவேகத்தை நீளத்தின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். 340-ஐ 0.1-ஆல் வகுத்தால் 3400 ஹெர்ட்ஸ். நம் காது 3000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மிக நுட்பமாகக் கேட்பதற்கு இந்தக் குழாய் ஒரு முக்கியக் காரணம். காதுமடலும் துளையும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒரே ஹெட்போன் உங்களுக்கும் உங்கள் நண்பருக்கும் ஒரேமாதிரி ஒலிக்காது.

இதே குழாய்க்கு இன்னொரு முகமும் உண்டு. எந்த இடத்தில் ஒலியைப் பெருக்குகிறதோ, அதையொட்டியே சேதமும் முதலில் விழுகிறது. பேரிரைச்சலில் பழகியவர்களின் செவிச்சோதனை வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் தெரியும். இதை நான் எப்படி அறிந்தேன் தெரியுமா? என் வலக் காதின் வரைபடத்திலேயே அந்தப் பள்ளம் இருக்கிறது.

கல்லூரி விடுதியில் படித்த நாட்களில் என்னிடம் ஒரு கேசட் பிளேயர் இருந்தது. அதன் ஹெட்போனில் இடப்பக்கக் கம்பி அறுந்துபோயிற்று. வேறு வாங்கக் காசில்லை. வலப்பக்கத்தை மட்டும் முழு உரப்பில் வைத்து இரவெல்லாம் கேட்டேன். காலையில் காதில் 'கொய்ங்' என்று ஓர் இரைச்சல் இருக்கும், மதியத்துக்குள் போய்விடும். போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அந்த இரைச்சல் காது எழுப்பிய அபாயக் குரல் என்பது அப்போது தெரியவில்லை.

உட்செவியில் நத்தைக் கூடுபோல் சுருண்ட காக்லியாவில், காதொன்றுக்குச் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றன. அதிர்வை நரம்புக்கு ஏற்ற மின்குறியாக மாற்றுபவை அவற்றில் சுமார் 3,500 மட்டுமே. பறவைகளுக்கு அழிந்த மயிர்ச் செல்கள் மறுபடி முளைக்கின்றன. மனிதர்களுக்கு முளைப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு இது: பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல், சிறுவர்களுக்கு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். ஏனெனில் 3 டெசிபல் என்றால் ஒலி ஆற்றல் இருமடங்கு. 75-இல் 40 மணி, 78-இல் 20, 81-இல் 10, 84-இல் 5, 87-இல் இரண்டரை மணிதான். பேருந்து இரைச்சலுக்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டும் என்று உரப்பைக் கூட்டுகிறீர்களே, அப்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு தடித்த அட்டையின் நடுவில், செல்பேசியின் ஒலிவாங்கி பொருந்துமளவு துளையிடுங்கள். அட்டையின் ஒருபுறம் ஹெட்போனின் ஒரு காதுக்கிண்ணத்தை அழுத்தி வையுங்கள்; மறுபுறம் ஒலிமானிச் செயலி உள்ள செல்பேசியின் ஒலிவாங்கியைத் துளையோடு சேருங்கள். வேறொரு கருவியிலிருந்து ஹெட்போனில் 'ஸ்...' என்ற சீரான இரைச்சலை ஒலிக்கவிட்டு, அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஹெட்போனும் அதே அளவைக் காட்டும்வரை உரப்பைத் திருத்துங்கள். செல்பேசி காட்டும் எண் முற்றிலும் சரியாயிராது. ஆயினும் இரண்டைச் சமப்படுத்த அது போதும். பிறகு உரப்பைத் தொடாமல், விலையை அறியாத நண்பரிடம் கேட்கக் கொடுங்கள். உங்கள் தீர்ப்பும் அவர் தீர்ப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

கடைசியாக ஒன்று. அந்தச் சோதனையின் முடிவில், கச்சேரியில் ஜால்ரா ஒலித்து அடங்கும் ஓர் இடத்தைப் புதிய ஹெட்போனில் நான் கேட்டேன். "நின்றுவிட்டது" என்றேன். மகள் வாங்கி வைத்துக் கேட்டாள். அதே இடம், அதே உரப்பு. நான் நின்றதாகச் சொன்ன இடத்தைத் தாண்டியும் அவள் விரலை உயர்த்தியே வைத்திருந்தாள். "இன்னும் இழைகிறது அப்பா... இன்னும்... இப்போதுதான் நின்றது" என்றாள். பிறகு பழைய ஹெட்போனிலும் கேட்டாள். அதிலும் அவளுக்கு அந்த இழை கேட்டது.

வயது ஏற ஏற உச்ச சுருதிகள் எல்லோருக்கும் குறையத்தான் செய்யும். ஆனால் என் வலக் காது இழந்ததில் ஒரு பங்கை நானே கரைத்தேன். பத்து மடங்கு விலை கொடுத்தும் அதை மீட்க முடியவில்லை. உங்களிடம் இருக்கும் ஹெட்போன் எதுவாயினும் இருக்கட்டும். ஜால்ராவின் கடைசி இழை வரை கேட்கும் காது இன்று உங்களிடம் இருக்கிறது. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.