பேச்சுத் தமிழை ஆராயக் கருவிகள்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் வீதியில், அக்குறணையைக் கடந்ததும் வருவது அலவத்துகொட. அப்பகுதியில் 'தாத்தா' என்ற சொல் காதில் விழுந்தால், சொன்னவர் யாரென்று அறியாமல் பொருள் கொள்ளல் இயலாது. சிங்களவர்க்குத் தாத்தா தந்தை. தோட்டத்துத் தமிழர்க்குப் பாட்டன். முஸ்லிம்களின் தமிழிலோ மூத்த சகோதரி! இத்தகைய பேச்சை ஆராய விரும்பும் மாணவர் எக்கருவிகளை நாடுவது?

சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி முதலில் வேண்டும். ஒரு சொல்லுக்கு ஏனைய திராவிட மொழிகளில் உள்ள உறவை அறிய, பரோ, எமனோ என்னும் அறிஞர் இருவர் 1961இல் வெளியிட்ட சொற்பிறப்பியல் அகராதி உதவும். 1984இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பையே பார்த்தல் நன்று. இவற்றை இன்று இணையத்தில் கட்டணமின்றித் தேடலாம். ஈழத்து நூல்களுக்கு, 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய நூலகம் உண்டு. அலவத்துகொட மாணவர்க்குப் பேராதனைப் பல்கலைக்கழகமும் தொலைவன்று.

ஆயினும், இவை பெரும்பாலும் ஏட்டில் ஏறிய தமிழைக் காட்டுவன. வீட்டு முற்றத்துத் தமிழுக்குச் செவியும் குறிப்பேடுமே கருவி. இக்காலத்தில் கைத்தொலைபேசியே ஒலிப்பதிவும் செய்துவிடுகிறது. பேசுவோரின் இசைவை மட்டும் முன்னரே பெறல் வேண்டும். "அக்காவை எவ்வாறு அழைப்பீர்கள்?" என்று நேரே வினவினால், மூதாட்டி புத்தகத் தமிழுக்குத் தாவிவிடுவார். திருமண வீட்டுச் சமையலைப் பற்றிக் கேளுங்கள். சொற்கள் தாமே வந்து விழும். அவருடைய வயது, பிறந்த ஊர், மணமுடித்து வந்த ஊர் ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும். இவையின்றேல் அச்சொல் எவ்வூர்க்கு உரியது என்று பின்னர் எவராலும் துணிய முடியாது.

கேட்டதை எழுதுவதிலும் ஓர் இடர்ப்பாடு. நம் 'ப' என்னும் ஓரெழுத்து 'பல்' என்பதில் ஓரொலியும் 'தம்பி' என்பதில் வேறோர் ஒலியும் தரும். ஆகவே அனைத்துலக ஒலியெழுத்தைப் பயிலல் வேண்டும். நம் முஸ்லிம் முன்னோர் இதையொத்த இடர்ப்பாட்டுக்குத் தாமே வழி கண்டனர். அரபு நெடுங்கணக்கில் இல்லாத தமிழொலிகளுக்குப் புள்ளியிட்ட புதிய எழுத்துகளை அமைத்து, அரபுத்தமிழில் எழுதினர். அத்தகைய ஏடுகள் எவர் வீட்டுப் பெட்டியிலேனும் கிடந்தால், கறையான் தொடுமுன் படமெடுத்து வைத்தல் வேண்டும். முதியோர் குரலுக்கும் அதே அவசரம் உண்டு. ஏட்டுக்கேனும் பெட்டி இருக்கிறது.