கணினிக்கும் நாடி பார்ப்போம்

நுழையும்முன்

உடலுக்கு நோய் வந்தால் காரணம் அறிந்து மருந்து உண்கிறோம். கணினி தளர்ந்தால் மட்டும் காரணம் கேளாமலேயே கைக்குக் கிடைத்த மருந்தையெல்லாம் கொடுக்கிறோம். அதனால் நோய் தீராமல் போவதோடு, கணினிக்குள் சேர்த்துவைத்த செல்வமும் சில வேளைகளில் அழிந்துபோகிறது. நோயறிதல் மருத்துவருக்கு மட்டும் உரிய கலையன்று. பொறிகளோடு வாழும் ஒவ்வொருவருக்கும் உரியது. அக்கலையின் ஒழுங்கை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு மடிக்கணினியின் கதை

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒருநாள் மடிக்கணினி ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். 2011ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ் அவளுடைய அக்காவுக்குக் கிடைத்தது அது. அக்காவின் கல்லூரிப் படிப்பு முடிந்தபின் தங்கையின் கைக்கு வந்திருந்தது.

"ஐயா, திறக்கவே கால்மணி நேரம் ஆகிறது. எதைச் சொடுக்கினாலும் திரை அப்படியே நின்றுவிடுகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினால் சரியாகிவிடும் என்று அண்ணன் சொல்கிறார்" என்றாள்.

"இதில் என்ன வைத்திருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"ஆச்சி பாடிய பாட்டு, ஐயா. தாலாட்டும் நடவுப்பாட்டுமாக இருபத்திரண்டு. பள்ளிச் செயல்திட்டத்திற்காகப் பதிவு செய்தேன்."

ஆச்சி அவ்வாண்டு தை மாதத்தில் காலமாகியிருந்தார். அப்பாடல்களுக்கு வேறு எங்கும் படி இல்லை. அந்த மடிக்கணினியைப் பழைய பொருள்கடையில் போட்டால் சில நூறு ரூபாய் கிடைக்கலாம். அதனுள் இருந்த குரலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆகவே, 'இதை எவ்வாறு விரைவாக்குவது?' என்னும் கேள்வியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 'இதில் இழக்கக்கூடாதது எது?' என்பதே முதற்கேள்வி.

முதலில் காப்பு

கணினி தளர்ந்தவுடன் பலரும் செய்வது, தூய்மை செய்யும் செயலி ஒன்றைத் தேடி நிறுவுவது. இது ஆபத்தானது. தளர்ச்சிக்குக் காரணம் பழுதடையும் வன்வட்டாக இருந்தால், அதன்மேல் நடக்கும் ஒவ்வொரு பெரிய வேலையும் அதன் எஞ்சிய வாழ்நாளைக் குறைக்கும். வட்டு முழுவதையும் துழாவும் சோதனைகளும் கோப்புகளை இடம் மாற்றி ஒழுங்குபடுத்தும் செயல்களும் அத்தகையவை. எனவே, வேறு எதையும் தொடுமுன் இன்றியமையாத கோப்புகளை வெளிவட்டு ஒன்றில் படி எடுக்க வேண்டும்.

காப்புப்படிக்கு வல்லுநர்கள் கூறும் எளிய விதி ஒன்று உண்டு. எந்தக் கோப்புக்கும் மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இருவகை ஊடகங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும். கணினியில் ஒன்று, வெளிவட்டில் ஒன்று, இணையச் சேமிப்பகத்தில் ஒன்று என அமைத்துக்கொண்டால் இவ்விதி நிறைவேறிவிடும். படி எடுத்தபின் அதைத் திறந்து பார்ப்பதும் கடமையாகும். திறந்து பார்க்கப்படாத படி, படியெனக் கொள்ளத்தக்கதன்று.

அறிகுறிகளைக் கேட்டறிதல்

'மெதுவாக இருக்கிறது' என்பது நோயின் பெயரன்று, அறிகுறி மட்டுமே. 'காய்ச்சல்' என்று வருபவரிடம், எப்போது தொடங்கியது, மாலையில் கூடுகிறதா, குளிர் உண்டா என்று மருத்துவர் வினவுகிறார் அல்லவா? அவ்வாறே நாமும் வினவ வேண்டும். எப்போதும் மெதுவாக இருக்கிறதா, திறக்கும்போது மட்டுமா? எல்லாச் செயலிகளிலுமா, உலவியில் மட்டுமா? திடீரெனத் தொடங்கியதா, மெல்ல மெல்ல வளர்ந்ததா? தொடங்குவதற்கு முன் புதிதாக எதையேனும் நிறுவினோமா?

உலவியில் மட்டும் தாமதம் என்றால், குற்றம் கணினியினுடையதாக இல்லாமல் இணைய இணைப்பினுடையதாக இருக்கலாம். அதே இணைப்பில் கைப்பேசியும் தடுமாறினால் ஐயம் தீர்ந்துவிடும். திடீரெனத் தொடங்கிய தளர்ச்சிக்கு அண்மையில் நிகழ்ந்த மாற்றம் காரணமாகலாம். மெல்ல வளர்ந்த தளர்ச்சிக்குச் சேர்ந்துவிட்ட சுமையோ, தேய்ந்துவரும் உறுப்போ காரணமாகலாம்.

இவ்விடத்தில் மறுதொடக்கம் பற்றிய ஒரு நுட்பத்தையும் அறிதல் நன்று. விண்டோஸின் அண்மைக்காலப் பதிப்புகளில், கணினியை அணைக்கும்போது இயங்குதளத்தின் உட்பகுதி வட்டில் சேமிக்கப்பட்டு, மீண்டும் திறக்கையில் அப்படியே எடுத்துக்கொள்ளப்படுகிறது. விரைவாகத் திறப்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. ஆதலால், அணைத்துத் திறந்தாலும் பழைய சிக்கல் தொடரக்கூடும். 'மறுதொடக்கம்' என்னும் கட்டளையே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

மேசையும் அலமாரியும்

கணினியின் விரைவை மூன்று உறுப்புகள் தீர்மானிக்கின்றன. மையச் செயலகத்தை, மேசைமுன் அமர்ந்து பணிபுரியும் எழுத்தர் எனலாம். ரேம் எனப்படும் முதன்மை நினைவகம் அவருடைய மேசை. வட்டு, அறையின் மூலையில் நிற்கும் அலமாரி. மேசை பெரிதாக இருந்தால் பல கோப்புகளை விரித்துவைத்து வேலை செய்யலாம். மேசை சிறிதாகவும் கோப்புகள் மிகுதியாகவும் இருந்தால், எழுத்தர் ஒவ்வொரு முறையும் எழுந்துசென்று ஒன்றை அலமாரியில் வைத்து இன்னொன்றை எடுத்துவர வேண்டும். எழுத்தர் எவ்வளவு திறமையானவராயினும் நேரமெல்லாம் நடையிலேயே கழியும். நினைவகம் நிரம்பிய கணினியில் நிகழ்வது இதுவே.

இம்மூன்றில் இடருறுவது எது என்பதைக் கணினியே காட்டும். விண்டோஸ் 10 போன்ற பதிப்புகளில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் எனப்படும் பணி மேலாளர் திறக்கும். செயலகம், நினைவகம், வட்டு ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு பயன்படுத்தப்படுகிறது என்பதும், எந்தச் செயலி எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதும் அதில் தெரியும். கணினிக்கு நாடி பார்க்கும் இடம் இது.

மாணவியின் கணினியில் செயலகம் பத்து விழுக்காட்டைத் தாண்டவில்லை. நினைவகத்திலும் இடம் இருந்தது. வட்டு மட்டும் நூறு விழுக்காட்டிலேயே நின்றது. காதை அருகில் வைத்தபோது 'டக், டக்' என்ற ஓசை கேட்டது. நோய் எங்கே என்பது புலப்பட்டுவிட்டது.

பழைய மடிக்கணினிகளின் வன்வட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 5400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழல்வது. அதன்மேல் ஊசிபோன்ற படிப்புமுனை ஒன்று அங்குமிங்கும் நகர்ந்து தரவைப் படிக்கிறது. சிதறிக் கிடக்கும் தரவுகளை எடுக்க வேண்டுமாயின் நொடிக்கு நூறு இடங்களைத் தொடுவதே அதற்கு அரிது. எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலை இயக்ககத்தில் சுழலும் உறுப்பு ஏதுமில்லை. அது நொடிக்குப் பல்லாயிரம் இடங்களைத் தொடவல்லது. பழைய கணினியின் வன்வட்டை நீக்கித் திண்மநிலை இயக்ககம் பொருத்தியவுடன் அது புத்துயிர் பெறுவதற்குக் காரணம் இதுவே.

கண்ணுக்குத் தெரியாத கூட்டம்

வட்டிலும் நினைவகத்திலும் பழுதில்லாத கணினியும் தளர்வதுண்டு. நாம் நிறுவும் செயலிகள் பல, நம்மைக் கேளாமலேயே கணினி திறக்கும்போது தாமும் திறந்துகொள்கின்றன. பணி மேலாளரின் தொடக்கப் பட்டியலில் அவற்றைக் காணலாம். தேவையற்றவற்றை அங்கேயே முடக்கிவைக்கலாம், நீக்க வேண்டியதில்லை. உலவியில் சேர்த்த நீட்சிகளுக்கும் இது பொருந்தும். நச்சுநிரல் தடுப்புச் செயலிகள் இரண்டை ஒருசேர நிறுவுவதும் தவறு. ஒன்று திறக்கும் கோப்பையெல்லாம் மற்றொன்றும் சோதிக்க, இரண்டு காவலர்களும் ஒருவரையொருவர் சோதித்துக்கொண்டே பொழுதைக் கழிப்பர்.

வெப்பமும் ஒரு காரணமாகும். செயலகத்தின் வெப்பம் அதன் எல்லையை நெருங்கும்போது, தன்னைக் காத்துக்கொள்ள அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாக ஓடிய கணினி சித்திரை மாதத்து நண்பகலில் தடுமாறினால் தூசியடைந்த விசிறியை ஐயுறலாம். மடிக்கணினியை மெத்தையின்மேலோ தலையணையின்மேலோ வைத்தால் காற்றுத் துளைகள் அடைபடும். கட்டிலைவிடப் பலகையே அதற்கு ஏற்ற இடம்.

சில கோளாறுகளின் காரணம் நாம் எண்ணாத இடத்தில் இருக்கும். எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்று உலவி மறுத்தால், முதலில் கணினியின் தேதியைப் பார்க்க வேண்டும். மேசைக் கணினியின் தாய்ப்பலகையில் நாணய வடிவில் சிறு மின்கலம் ஒன்று உண்டு. அது தீர்ந்துபோனால், மின்னிணைப்பு இல்லாதபோது கடிகாரம் நின்று, தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் அந்தத் தேதியில் செல்லாதனவாகத் தோன்றும். பெரும் நோயெனத் தோன்றியது ஒரு சிறு மின்கலத்தோடு தீர்ந்துவிடும்.

அச்சம் என்னும் நச்சு

நச்சுநிரல்கள் உண்மையானவையே. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் உடன்வரும் பாதுகாப்புச் செயலியைக் கொண்டே முழுச் சோதனை செய்யலாம். அவற்றினும் கொடியது அவற்றின் பெயரால் விளைவிக்கப்படும் அச்சம். 'உங்கள் கணினி தாக்கப்பட்டுள்ளது. உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்று திரையில் தோன்றும் அறிவிப்பும், நிறுவனத்தின் பெயரைச் சொல்லித் தாமே வரும் அழைப்பும் ஏமாற்று வேலைகள். அவர்கள் சொல்லும் செயலியை நிறுவினால் கணினியின் கட்டுப்பாடு அவர்கள் கைக்குப் போய்விடும். பணத்தை இழந்தவர்கள் காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைத்துப் புகார் செய்ய வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

பழுது நீக்குவோர் எல்லாரும் கற்க வேண்டிய ஒழுக்கம் ஒன்று உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியபின் விளைவைப் பார்க்க வேண்டும். இரண்டையும் குறித்துவைக்க வேண்டும். ஒருசேர ஐந்து மருந்துகளை உண்டு நலம்பெற்றவருக்கு எது குணப்படுத்தியது என்பது தெரியாது; அடுத்தமுறையும் ஐந்தையும் உண்ண வேண்டியதுதான். ஐந்து மாற்றங்களுக்குப்பின் கணினி முன்னினும் கெட்டால் எதை மீட்பது என்பதும் விளங்காது. சிறிய, மீட்கத்தக்க செயலிலிருந்து தொடங்கிப் பெரிய, மீட்கவியலாத செயலுக்குச் செல்வதே முறை. மறுதொடக்கம் முதற்படி; எல்லாவற்றையும் அழித்து நிறுவுவது இறுதிப்படி.

தெரியுமா?
1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் 'மார்க் 2' என்னும் கணினியை ஆராய்ந்தவர்கள், ரிலே என்னும் மின்னிணைப்பி ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கியிருப்பதைக் கண்டனர். அதனை எடுத்துப் பதிவேட்டிலேயே ஒட்டிவைத்தனர். பொறிக் கோளாற்றைப் 'பூச்சி' என்னும் பொருள்பட 'பக்' என அழைக்கும் வழக்கு அதற்கு முன்பே ஆங்கிலத்தில் இருந்தது. அப்பதிவேடு இன்றும் அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றில் பாதுகாக்கப்படுகிறது. கண்டதைக் கண்டபடியே குறித்துவைத்ததால்தான் அச்செய்தி நமக்குக் கிடைத்தது.

பழையதைக் கழிப்பதற்கு முன்

எல்லா நோய்க்கும் மருந்து இருப்பதில்லை. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. புதிய பதிப்பை ஏற்க இயலாத கணினிகளில் லினக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றை நிறுவலாம். அவற்றுள் பல விலையின்றிக் கிடைக்கின்றன. எழுதவும் படிக்கவும் பாடல் கேட்கவும் அத்தகைய கணினி இன்னும் சில ஆண்டுகள் உதவும். வீண்பொருளாகத் தூக்கி எறியப்படும் கணினி மண்ணுக்கும் நீருக்கும் கேடு செய்வது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

மாணவியின் கணினியில் வேறு எதையும் தொடாமல் பாடல்களைப் படி எடுக்கத் தொடங்கினோம். சில பாடல்கள் நொடியில் வந்தன. சிலவற்றிற்கு நெடுநேரம் காத்திருந்தோம். மாலைக்குள் இருபத்தொரு பாடல்கள் வந்து சேர்ந்தன. ஒன்று பாதியிலேயே நின்றுவிட்டது. மூன்று வாரங்களுக்குப்பின் அவ்வன்வட்டு முற்றிலும் செயலிழந்தது. திண்மநிலை இயக்ககம் பொருத்தப்பட்ட அக்கணினி, அதன்பின் ஒரு நிமிடத்திற்குள் திறந்தது.

நின்றுபோன பாட்டின் மீதியைத் தன் அம்மாவிடம் கேட்டு எழுதி வந்தாள் அம்மாணவி. "அம்மாவுக்குப் பாதி அடிதான் நினைவில் இருக்கிறது, ஐயா" என்றாள். பொறியின் நினைவும் மனிதரின் நினைவும் அழியக்கூடியவையே. தளர்ந்த கணினியின்முன் அமரும் ஒவ்வொரு முறையும், விரைவு பெறுவதற்கு முன்னர்க் காக்க வேண்டியதைக் காத்துவிட்டோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள கணினியின் பணி மேலாளரைத் திறந்து, மிகுதியாகப் பயன்படும் உறுப்பு எது எனக் கண்டறிந்து வகுப்பில் கூறுக.
2. உங்கள் ஊரில் வழங்கும் தாலாட்டுப் பாடல் ஒன்றைப் பதிவு செய்து, மூன்று படிகள் எடுத்து, அவற்றை எங்கெங்கு வைத்தீர்கள் என எழுதுக.
3. 'காரணம் அறியாமல் செய்யும் மருத்துவம் கேடு தரும்' – கணினியையும் உடலையும் ஒப்பிட்டுக் கலந்துரையாடுக.

கலைச்சொல் அறிவோம்

முதன்மை நினைவகம் – ரேம்
வன்வட்டு – ஹார்டு டிஸ்க்
திண்மநிலை இயக்ககம் – எஸ்.எஸ்.டி.
பணி மேலாளர் – டாஸ்க் மேனேஜர்
காப்புப்படி – பேக்கப்
நச்சுநிரல் – வைரஸ்